அண்ணி அனுப்பிய லிங்க், என் நாவல்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 36 வயது. தி. நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. மேற்கு மாம்பலத்தில் அம்மா, அண்ணன், அண்ணியோடு இருக்கிறேன். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் கதைகளை எழுதி, புனைபெயரில் நானே அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் போடுகிறேன். என் மனசும் பெண்கள் பக்கம்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

போன வாரம் அண்ணி வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினார். "படிச்சுப் பாரு. ரெண்டு பொண்ணுங்க கதைதான், ஆனா கடைசியில அழுதுட்டேன்." திறந்தால் என் நாவல்! பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டேன். சொல்லிவிடலாமா?

இன்னொன்று. "குடும்பப் பெண்கள் படிக்கிற கதையா இது?" என்று ஒருவர் ஒற்றை ஸ்டார் கொடுத்ததிலிருந்து, எத்தனை பக்கம் வாசித்திருக்கிறார்கள் என்று காட்டும் கிராஃபையே விடிய விடியப் பார்க்கிறேன். அடுத்த நாவல் நகரவில்லை. கதாநாயகியின் அம்மா வாயைத் திறந்தாலே என் அம்மா குரல்தான் கேட்கிறது.

பெயர் வேண்டாம், சென்னை

அன்புள்ள தோழிக்கு,

"அதை எழுதினது நான்தான்" என்று சொன்ன மறுநிமிடமே மற்றதையும் அண்ணி ஊகித்துவிடுவார். அதனால் இரண்டையும் சொல்லத் தயாரான பிறகே வாயைத் திறங்கள். கதையில் வரும் பெண்ணுக்காக அழுவது சுலபம். நாத்தனாருக்காக அண்ணனிடம் ஒரு வார்த்தை விடாமல் இருப்பது வேறு.

இப்போதைக்கு ஒரு வாசகியாகக் கேளுங்கள்: "எந்த இடத்துல அழுதீங்க அண்ணி?" "பாவம், இப்படிப் பொறந்துடுச்சுங்க" என்பாரா, "அந்த அம்மா அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்பாரா? இரண்டாவது பதில் வந்தால் எனக்கு நம்பிக்கை வரும். முதல் பதில் வந்தாலும் கதவு மூடிவிடவில்லை, நாளாகும், அவ்வளவுதான்.

புனைபெயர் பற்றிப் பயம் வேண்டாம். வங்கிக் கணக்கு, வரி விவரம் அமேசான் கம்பெனியோடு நிற்கும். வாசகருக்குத் தெரிவது அட்டையில் உள்ள பெயர்தான். குட்டு வெளிப்படுவது பெரும்பாலும் வேறு வழியில். எழுத்தாளர் பெயரில் இன்ஸ்டாகிராம் வைத்திருந்தால், வீட்டில் எல்லோரிடமும் இருக்கும் நம்பரை அதில் கொடுக்காதீர்கள். காண்டாக்ட் வழியாக அண்ணனுக்கே உங்களைப் பரிந்துரைத்துவிடும்.

வீட்டில் தெரிந்து "டாக்டரிடம் போய் மாற்றிவிடலாம்" என்று யாராவது கிளம்பினால், அதற்கு இடமில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவு குற்றமல்ல என்றது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை போட்டது. திருமணத்துக்கு மட்டும் 2023-இல் அங்கீகாரம் கிடைக்கவில்லை. எனக்கும் அதில் வருத்தம்தான். பேச ஆள் வேண்டுமென்றால், தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்களுக்காக 2003 முதல் சென்னையில் இயங்கும் ஓரினம் குழுவினர் இருக்கிறார்கள்.

அந்த கிராஃப் வாசித்த பக்கங்களை எண்ணிப் பணம் கணக்கிடத்தான். அண்ணி அழுதது அதில் எங்கே தெரிகிறது? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தடவை பாருங்கள், போதும். ஒற்றை ஸ்டார்காரர் அவர் வீட்டுப் பெண்களுக்காகப் பேசுகிறார், பேசட்டும்.

அம்மா வரும் அத்தியாயத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். வரிசையாகத்தான் எழுத வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.