மலிவான சிடி பிளேயர் வாங்கும்போது டிஏசி எவ்வளவு முக்கியம்?

வட்டில் எண்களாகப் பதிந்திருக்கும் இசையை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் சிப்தான் டிஏசி. ஒவ்வொரு சேனலுக்கும் நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். தாளில் எழுதிய ஸ்வரத்தைப் பாடகர் குரலாக்குவது போன்ற வேலை. இன்று விலை குறைந்த சிப்பே இதைச் சுத்தமாகச் செய்துவிடும்.

தேய்ந்துபோவது லேசரும் மோட்டாரும்தான். கவனம் அங்கே இருக்கட்டும். பழைய பிளேயர் என்றால் சிடி-ஆர் (கணினியில் நாமே பதிவு செய்யும் வட்டு) ஒன்றைப் போட்டு, முதல் பாடலிலிருந்து நேராகக் கடைசிப் பாடலுக்குத் தாவிப் பாருங்கள். சிடி-ஆர் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும் என்பதால், தளர்ந்த லேசர் அதில் திணறும். லென்ஸைத் துடைத்தும் திக்கினால் வாங்க வேண்டாம். பின்பக்கம் கோஆக்சியல் அவுட் (இசையை எண்களாகவே வெளியே அனுப்பும் இணைப்பு) இருந்தால் நல்லது, வெளி டிஏசியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

24 பிட் டிஏசி இருந்தால் சிடியில் கூடுதல் நுணுக்கம் கேட்கும் என்று பலர் நம்புகிறார்கள். வட்டில் இருப்பதே 16 பிட்தான்.