கிரெடிட் என்றால் வரவா, கடனா?

பேங்க் எஸ்எம்எஸ்ஸில் கிரெடிட் என்றால் பணம் வந்தது, கடைக்காரர் "கிரெடிட் கிடையாது" என்றால் கடன் இல்லை. ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டு அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் ஒரு ஆத்தங்குடி டைல்ஸ் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். தினமும் புழங்கும் சொல் இது.

வேர் லத்தீன், நம்புவது என்று பொருள். இன்று சரக்கு, அப்புறம் பணம். கடைக்காரர் சொல்வது இந்த நம்பிக்கையைத்தான்.

கணக்கில் வரும் கிரெடிட் எனக்கு விளங்கியது எங்கள் ஐயாவின் பேரேட்டைப் பார்த்துத்தான். மேலே பிள்ளையார் சுழி, ஆளுக்கு ஒரு பக்கம். ஒருவர் சரக்கு எடுத்துப்போனால் அவர் பேரில் பற்று. பணம் கொண்டுவந்து கொடுத்தால் அவர் பேரில் வரவு. அவர் எடுத்தது பற்று, அவரிடமிருந்து வந்தது வரவு, அவ்வளவுதான். ரங்கூனிலும் பினாங்கிலும் லேவாதேவி செய்த நகரத்தார் வளர்த்த கணக்கு இது. டெபிட், கிரெடிட்டுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

இப்போது பேங்கை ஒரு கடையாக நினையுங்கள். நீங்கள் 10,000 ரூபாய் கட்டினால், அதன் பேரேட்டில் உங்கள் பக்கத்தில் வரவு, அதாவது கிரெடிட். பேங்க் உங்களுக்குத் தரவேண்டிய பணம் அது. உங்கள் சொந்தக் கணக்கில் அதே 10,000 பேங்க் பேரில் பற்று, டெபிட். எஸ்எம்எஸ் வருவது பேங்கின் புத்தகத்திலிருந்து. ஆகவே யாருடைய பேரேடு என்பதை முதலில் பாருங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், விரிசல் விட்ட டைல்ஸுக்காக ஒரு கான்ட்ராக்டருக்குக் கொடுத்த 2,400 ரூபாய் கிரெடிட் நோட்டை, அதாவது பாக்கியில் கழித்துக்கொள்ளக் கொடுக்கும் சீட்டை, அவர் பற்றில் ஏற்றிவிட்டேன். குறையவேண்டிய பாக்கி கூடி, 4,800 வித்தியாசம். சீட்டோடு வந்து நின்றார். அவர் பக்கத்தைத் திறந்து, அவர் முன்னாலேயே வரவுக்கு மாற்றி எழுதினேன்.

ஜிஎஸ்டியில் வரும் இன்புட் டாக்ஸ் கிரெடிட்டும், அரசின் பேரேட்டில் உங்கள் பக்கத்தில், வரவுதான். வாங்கும்போது கொடுத்த வரியை, விற்கும்போது கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சரக்கு கொடுத்தவருக்குப் பணம் போகாவிட்டால், எடுத்த கிரெடிட்டை வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டும். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம், கட்டிய வட்டி மட்டும் திரும்பாது. கடனுக்குச் சரக்கு எடுக்கிறவர்கள் பில் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.