இரவு நிலக்காட்சிப் படங்கள் கூர்மையாக அமைய: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (சேலம்): ஐயா, என்னிடம் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார் கொண்ட) கேமராவும், அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்சும் உள்ளன. ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பி வைத்தும் விண்மீன்கள் சிறு வட்டங்களாகவே பதிகின்றன. லென்சை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். தொடக்கநிலையில் இரவுப் படம் மங்குவதற்கு லென்சைவிட ஃபோகஸே பெரும்பாலும் காரணமாகிறது. வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் அது முடிவிலியில், அதாவது மிகத் தொலைவிலுள்ளவை கூர்மையாகும் இடத்தில், நிற்கும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் வெப்பநிலைக்கேற்பச் சரிசெய்ய இடம் வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலான லென்சுகளில் வளையம் முடிவிலியையும் சற்றுத் தாண்டிச் சுழலும்படியே அமைத்திருக்கிறார்கள்.

முதலில் ஆட்டோஃபோகசை அணைத்துவிடுங்கள். அப்பெர்ச்சரை (லென்சின் ஒளித்துளையை) முழுவதும் திறந்து, லைவ் வியூவில் (கேமராத் திரையில் காட்சியை நேரடியாகக் காணும் முறையில்) வியாழனையோ சிரியசையோ திரையின் நடுவில் கொண்டுவந்து, காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மிக மெதுவாகத் திருப்பும்போது ஒளிப்புள்ளி சுருங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தைக் கடந்ததும் மறுபடி பெருக்கத் தொடங்கும். அந்த இடத்தைக் கடந்து சென்று திரும்பி வந்தால்தான் மிகச் சிறிய புள்ளி எது என்பது கண்ணுக்கு உறுதிப்படும். அதுவரை தெரியாதிருந்த மங்கலான விண்மீன்கள் அருகில் தோன்றினால் சரியான இடத்தை அடைந்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம். பிறகு வளையத்தின் மேல் சிறு டேப்பை ஒட்டிவிடுங்கள். ஜூமை மாற்றினாலோ, இரவு நன்கு குளிர்ந்த பின்போ மீண்டும் சரிபார்ப்பது அவசியம். சில புதிய லென்சுகளில் கேமராவை அணைத்தாலே ஃபோகஸ் பழைய இடத்தை இழந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (மதுரை): 500-ஐ லென்சின் குவியத் தூரத்தால் (18 மி.மீ. போன்ற எண்ணால்) வகுத்து வரும் விநாடிகளுக்குள் எடுத்தால் விண்மீன்கள் கோடாகாது என்கிறார்களே?

பதில்: அக்கணக்கு ஃபிலிம் காலத்துக்குப் போதுமானதாக இருந்தது, இன்றைய சென்சாருக்கு அது தாராளமானது. மேலே சேலம் வாசகர் கூறிய கேமராவையே எடுத்துக்கொள்வோம். அதன் சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது என்பதால், 18 மி.மீ.-ஐ 1.5-ஆல் பெருக்கி, வரும் எண்ணால் 500-ஐ வகுத்தால் ஏறத்தாழ 18 விநாடி கிடைக்கும். ஆனால் பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், அந்தச் சென்சாரில் விண்மீன் மூன்று விநாடிக்கு ஒரு பிக்சல் வீதம் நகர்கிறது. ஆகவே 18 விநாடியில் ஆறு பிக்சல் நீளக் கோடு விழுந்துவிடும். 500-க்குப் பதிலாக 300-ஐ வைத்து, 10 அல்லது 11 விநாடியில் எடுங்கள். துருவ நட்சத்திரத்தின் பக்கம் வானம் மெதுவாக நகர்வதால் அங்கே இன்னும் சில விநாடிகள் கூட்டலாம். ஓரியன் பக்கம் கூட்டவே கூடாது.

கேள்வி (அதே வாசகர்): நேரத்தைக் குறைத்தால் படம் இருண்டுவிடுமே?

பதில்: ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவை) 3200 அல்லது 6400 வரை உயர்த்தத் தயங்காதீர்கள், ரா வடிவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பாக) சேமியுங்கள். ஒரே காட்சியைத் தொடர்ந்து 16 முறை எடுத்து, சீக்வேட்டர் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் (படத்தில் பொரிபொரியாகத் தெரியும் புள்ளிகள்) நான்கில் ஒரு பங்காகக் குறையும். விலை உயர்ந்த லென்சு வாங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (நாகர்கோவில்): டிரைபாடில் வைத்தும் படம் ஆடியதுபோல் வருகிறது.

பதில்: லென்சிலுள்ள அதிர்வுத் தடுப்பை அணையுங்கள்; டிரைபாடில் நிற்கும்போது சில லென்சுகளில் அதுவே அசைவை உண்டாக்கும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், காற்றில் படபடக்கும் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். கடற்கரையானால் கால்களை மணலில் ஆழமாக அழுத்தி ஊன்றுங்கள். பொத்தானை அழுத்திய அசைவு அடங்க இரண்டு விநாடி டைமர் போதும். மெல்லிய டிரைபாடுக்குப் பத்து விநாடி வையுங்கள்.

கேள்வி (வேலூர்): விண்மீன்கள் கூர்மையாக இருக்கின்றன, முன்னால் உள்ள பாறை மங்கிவிடுகிறது.

பதில்: 18 மி.மீ., எஃப் 3.5 அப்பெர்ச்சர் அமைப்பில் விண்மீனுக்கு ஃபோகஸ் செய்தால் ஏறத்தாழ ஐந்து மீட்டருக்கு அப்பால் உள்ளவை மட்டுமே ஏற்கத்தக்க கூர்மையுடன் வரும். எனவே பாறையிலிருந்து சற்றுப் பின்வாங்குவதே எளிய வழி. அது இயலாவிடில், சூரியன் மறைந்தபின் வானம் நீலமாக இருக்கும்போதே பாறைக்கு ஃபோகஸ் செய்து ஒரு படம் எடுத்து, டிரைபாடை நகர்த்தாமல் இருட்டும்வரை காத்திருந்து, வானத்துக்குத் தனியே ஃபோகஸ் செய்து எடுத்து இரண்டையும் இணைக்கலாம். வலுவான டார்ச் ஒளியைப் பாறைமேல் பாய்ச்சுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அது காட்டுயிர்களுக்குத் தொல்லை, அருகில் படமெடுப்பவரின் உழைப்பையும் கெடுக்கும்.

கேள்வி (சென்னை): பால்வீதியை எங்கே, எப்போது எடுக்கலாம்?

பதில்: 2.34 மீட்டர் தொலைநோக்கியுள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் ஜவ்வாது மலையில் அமைந்திருப்பதே அங்குள்ள வானத்தின் இருளுக்குச் சான்று. ஏப்ரல் மாத அமாவாசையை ஒட்டிய இரவுகளில், நள்ளிரவுக்குப் பின் தென்கிழக்கில் தனுசு ராசிப் பக்கம் பால்வீதியின் மையம் எழுந்து நிற்கும். காட்டுப் பகுதிக்குள் செல்வதானால் வனத்துறை அனுமதி பெற்றே செல்லுங்கள்.

கேள்வி (உதகை): ஒரு மணி நேரத்தில் லென்சில் பனி படிந்துவிடுகிறது.

பதில்: பவர் பேங்கில் இயங்கும் லென்ஸ் சூடாக்கிப் பட்டையைத் தொடக்கத்திலேயே முன்கண்ணாடியை ஒட்டிச் சுற்றிவிடுங்கள், பனி படிந்தபின் சுற்றினால் தெளிய வெகுநேரமாகும். துணியால் துடைக்க நேர்ந்தால் ஃபோகஸ் வளையம் நகர்ந்திருக்கக்கூடும், ஆகவே மீண்டும் ஒரு விண்மீனைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே அடுத்த படத்தை எடுங்கள்.