ஃப்ரீ சாயில் கட்சி: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

அமெரிக்காவின் ஃப்ரீ சாயில் கட்சியைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். 1848இல் தொடங்கி 1854இல் காணாமல் போன கட்சி அது, ஒரு மாநிலத்தில்கூட ஜெயிக்கவில்லை. அடிமை முறையை அடியோடு ஒழிக்கச் சொன்னார்களா என்றால் அதுவும் இல்லை, மேற்கே புதுப் பகுதிகளுக்குப் பரவக்கூடாது என்றார்கள், அவ்வளவுதான். வெள்ளைக்காரர்களின் நிலத்துக்காக வந்த கட்சியை இவ்வளவு தூக்கிப் பேசவேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. 1848 ஆகஸ்டில் பஃபலோவில் கூடி அவர்கள் நிறுத்திய ஜனாதிபதி வேட்பாளர் மார்ட்டின் வான் பியூரன். அவர் முன்பு ஜனாதிபதியாக இருந்தபோதுதான், அடிமைகளாக ஏற்றிச்செல்லப்பட்டு அமிஸ்டாட் என்ற கப்பலில் கலகம் செய்த ஆப்பிரிக்கர்களை கியூபாவுக்கு அனுப்பிவிட நியூ ஹேவனில் அரசு ஒரு கப்பலைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தது. அந்த ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் ஜான் குவின்சி ஆடம்ஸ், அவருடைய மகன்தான் இப்போது வான் பியூரனோடு துணை ஜனாதிபதி வேட்பாளர்! ஓட்டு பத்தில் ஒரு பங்கு கிடைத்தது, சுமார் 2,91,000.

சரி, ஒஹாயோவுக்கு வருவோம், நான் அந்தக் கட்சியை மதிப்பது அங்கே நடந்ததற்காகத்தான். அந்த மாநிலத்தில் அடிமை முறை கிடையாது, ஆனால் கறுப்பர் ஒருவர் அங்கே குடியேற 500 டாலருக்கு ஜாமீன் காட்டவேண்டும், வெள்ளையர் சம்பந்தப்பட்ட வழக்கில் சாட்சி சொல்லவும் முடியாது. அதாவது, கறுப்பர்கள் பத்துப் பேர் பார்க்க ஒரு வெள்ளைக்காரன் அவர்களில் ஒருவரை அடித்துப் பிடுங்கினாலும், அந்தப் பத்துப் பேரின் வார்த்தை கோர்ட்டில் செல்லாது. 1849இல் சட்டசபையில் இரண்டு பெரிய கட்சிகளும் சமபலத்தில் முட்டிக்கொண்டு நிற்க, டவுன்ஷெண்ட், மோர்ஸ் என்ற இரண்டு ஃப்ரீ சாயில்காரர்கள் கையில் குடுமி இருந்தது. சபையின் பிடியையும் பதவிகளையும் ஜனநாயகக் கட்சிக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு அந்த ஜாமீன் சட்டத்தையும் சாட்சித் தடையையும் ரத்து செய்ய வைத்தார்கள், கூடவே தங்கள் கட்சித் தலைவர்களில் ஒருவரான சால்மன் சேஸுக்கு செனட் பதவியும் வாங்கிக்கொண்டார்கள். பேரம்தான், ஆனால் இதைவிட நல்ல பேரம் எத்தனை பெரிய கட்சிகள் செய்திருக்கின்றன, சொல்லுங்கள்.

கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை அப்போதும் கிடைக்கவில்லை, அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. அப்புறம் அந்த சேஸ், லிங்கனின் நிதியமைச்சராகி, தலைமை நீதிபதியும் ஆனார். 1865 பிப்ரவரியில் அவர் தலைமையில்தான் ஜான் ராக் உச்ச நீதிமன்றத்தில் வாதாடும் தகுதி பெற்ற முதல் கறுப்பின வழக்கறிஞரானார்.