கடை டெலவேரில், வரி மட்டும் நியூஜெர்சிக்கா?

நியூஜெர்சியின் எடிசன் ஊரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "டெலவேரில் இருக்கும் ஒரு ஃபர்னிச்சர் கடையின் தளத்தில் 1,200 டாலருக்கு டைனிங் டேபிள் பார்த்தேன். டெலிவரி இலவசம். டெலவேரில் விற்பனை வரியே கிடையாது என்று நம்பி ஆர்டர் போட்டால், பணம் கட்டும் பக்கத்தில் 79.50 டாலர் வரி ஏறி நிற்கிறது. அதே வாரம் டெக்சஸில் ஒரு சின்னக் கடையின் தளத்தில் 340 டாலருக்கு வெட் கிரைண்டர் வாங்கினேன். அங்கே ஒரு காசு வரி போடவில்லை. யார் செய்தது சரி? பின்னால் எனக்கு நோட்டீஸ் ஏதும் வருமா?"

இரண்டு கடைக்காரர்களுமே சரியாகத்தான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பாக்கி இருப்பது உங்கள் பக்கம்.

முதலில் டேபிள். 79.50 என்ற தொகையிலேயே விடை இருக்கிறது. 1,200 டாலருக்கு 6.625 சதவீதம் போட்டால் அதுதான் வரும். அது நியூஜெர்சியின் விற்பனை வரி விகிதம். வேறு மாநிலத்துக்குப் பொருளை அனுப்பி வைக்கும்போது, கடை எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராது. பார்சல் யார் வீட்டு வாசலில் இறங்குகிறதோ, அந்த ஊரின் வரிதான். இதே டேபிளை நியூயார்க் நகரத்தில் இருக்கும் உங்கள் தங்கை வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருந்தால் 8.875 சதவீதம் கேட்டிருப்பார்கள். ஓரிகனில் இருக்கும் தோழிக்கு அனுப்பியிருந்தால் ஒன்றும் இல்லை.

ஊரில் பொருளின் மேல் அச்சடித்த எம்ஆர்பி-யைப் பார்த்தே பழகியவர்கள் நாம். வரி, மண்ணாங்கட்டி எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். இங்கே விலை என்று காட்டுவது வரிக்கு முந்தைய விலை. வந்து பத்து வருஷம் ஆனவர்களுக்கும் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன எரிச்சல் வரத்தான் செய்கிறது.

"முன்பெல்லாம் வெளிமாநிலக் கடையில் வாங்கினால் வரி போட மாட்டார்களே" என்று கேட்பீர்கள். உண்மைதான். அதற்குக் காரணம் 1992-இல் வந்த குவில் வழக்கு. குவில் என்பது கேட்டலாக் அனுப்பி ஆபீஸ் சாமான்கள் விற்ற கம்பெனி. மாநிலத்துக்குள் கடையோ, கிடங்கோ, ஆளோ இல்லாத விற்பனையாளரை வரி வசூலித்துத் தரும்படி அந்த மாநிலம் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் அப்போது சொன்னது. தபால் கேட்டலாக் காலத்துக்குச் சொன்ன அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இணைய வியாபாரம் கால் நூற்றாண்டு வளர்ந்தது. நியூஜெர்சிக்காரர்கள் கேமராவை நியூயார்க் கடையிலிருந்து தபாலில் வரவழைத்ததெல்லாம் அந்தக் காலத்துக் கதை.

2018 ஜூன் 21 அன்று அது மாறியது. சவுத் டகோட்டா மாநிலம் வேஃபேர் கம்பெனி மேல் போட்ட வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பழைய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கடை நேரில் இருக்க வேண்டியதில்லை, அந்த மாநிலத்தில் போதுமான அளவு வியாபாரம் நடந்தாலே போதும் என்றார்கள். நியூஜெர்சி அதே ஆண்டு நவம்பர் 1 முதல் இதை அமல்படுத்தியது: ஒரு வருடத்தில் மாநிலத்துக்குள் 100,000 டாலருக்கு மேல் விற்றாலோ, 200 விற்பனைகளைத் தொட்டாலோ, வெளிமாநிலக் கடையும் வரி வசூலிக்க வேண்டும்.

இங்கேதான் உங்கள் கிரைண்டர்காரர் வருகிறார். சின்னக் கடை, சொந்தத் தளம், நியூஜெர்சிக்கு வருடத்துக்கு நாற்பது ஐம்பது கிரைண்டர் அனுப்புகிறவர் என்றால், அந்த வரம்புக்குள் வரவே மாட்டார். வரி வாங்கும் கடமை அவருக்கு இல்லை. இதே ஆள் அமேசான் வழியாக விற்றிருந்தால் வரி விழுந்திருக்கும். அங்கே வசூலிக்கும் பொறுப்பு சந்தை நடத்தும் அமேசானுடையது, விற்பவர் எவ்வளவு சிறியவர் என்பது பொருட்டில்லை.

சரி, அவர் வாங்கவில்லை என்றால் வரி இல்லை என்றுதானே அர்த்தம்? இல்லை. என்னிடம் வரிக் கணக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சறுக்கும் இடம் இதுதான். கடைக்காரர் வாங்காவிட்டால், அதே விகிதத்தில் வாங்கியவரே கட்ட வேண்டும். அதன் பெயர் யூஸ் டாக்ஸ், பயன்பாட்டு வரி. 1930-களில் சில மாநிலங்களில் தொடங்கிய இது, இன்று விற்பனை வரி உள்ள மாநிலங்களில் எல்லாம் உண்டு. "டாக்ஸ் இல்லாமல் வாங்கினேன்" என்று பெருமைப்பட்ட அந்தக் கேமராக்களுக்கும் சட்டப்படி வரி உண்டு. யாரும் கட்டவில்லை, அவ்வளவுதான். 2018-இல் புது வரி எதுவும் வரவில்லை. வசூலிக்கும் வேலை நம் கையிலிருந்து கடைக்காரர் கைக்குப் போனது.

உங்கள் கிரைண்டருக்கு இது 22 டாலர் 53 சென்ட். ஏப்ரலில் மாநில வருமான வரிக்கான என்ஜே-1040 படிவம் போடும்போது அதில் யூஸ் டாக்ஸ் என்று ஒரு வரிசை இருக்கும், அதில் எழுதிவிடலாம். ஒன்றுக்கு 1,000 டாலருக்குக் குறைவான சாமான்களுக்கு, பில் ஒவ்வொன்றையும் தேடாமல் வருமானத்தை வைத்து ஒரு தொகையைப் போட்டுக்கொள்ள அட்டவணையும் கொடுத்திருக்கிறார்கள். 1,000 டாலரும் அதற்கு மேலும் உள்ளவற்றை மட்டும் தனியாகக் கூட்ட வேண்டும். நோட்டீஸ் வருமா என்றால், ஒரு கிரைண்டருக்காக யாரும் கதவைத் தட்டப் போவதில்லை. ஆனால் பாக்கி இருப்பது தெரிந்தே அந்த வரிசையில் பூஜ்யம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை. 22 டாலருக்குப் பொய்க் கையெழுத்து எதற்கு?

இனி உங்கள் பக்கம் லாபமான விஷயம். நியூஜெர்சியில் சாதாரண உடுப்புகளுக்கு விற்பனை வரி கிடையாது. பட்டுப் புடவையும் உடுப்புதான். வெளிமாநிலத் தளத்தில் புடவை வாங்கும்போது வரி சேர்ந்திருந்தால் விட்டுவிடாதீர்கள். ஒருவருக்கு நான் பில்லைப் பிரித்துப் பார்த்தேன்: புடவை, கவரிங் நெக்லஸ், கைப்பை மூன்றுக்கும் சேர்த்து வரி போட்டிருந்தார்கள். நெக்லஸுக்கும் பைக்கும் வரி உண்டு, புடவைக்கு இல்லை. பில் எண்ணைக் குறிப்பிட்டுக் கடைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார், பணம் திரும்பி வந்தது. கடைக்காரர் தர மறுத்தால் மாநில வரித்துறைக்கு ஏ-3730 படிவத்தில் கேட்கலாம். மளிகையிலும் இப்படி வேடிக்கைகள் உண்டு. அரிசி பருப்புக்கு வரி இல்லை. கடலை மிட்டாய் 'கேண்டி' கணக்கில் சேர்ந்து வரி வாங்கும். கோதுமை மாவு கலந்த வேஃபர் சாக்லேட் தப்பித்துவிடும். ஒன்று கவனியுங்கள்: வரி உள்ள பொருளை அனுப்பும் கட்டணத்துக்கும் நியூஜெர்சியில் வரி உண்டு. இலவச டெலிவரி கடையையும், விலை குறைத்துக் கட்டணம் தனியாகப் போடும் கடையையும் ஒப்பிடும்போது கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

டேபிளை இன்னும் வாங்கி முடிக்கவில்லை என்றால் எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. பெர்த் அம்பாய், எலிசபெத் போன்ற ஊர்களில் நகர்ப்புற ஊக்க மண்டலம் (சுருக்கமாக யூஇஇசட்) உண்டு. அங்கே பதிவு செய்த கடைகளில் பாதி வரிதான், 3.3125 சதவீதம். 1,200 டாலர் டேபிளுக்கு 39.75. ஆனால் நேரில் போய் வாங்க வேண்டும், ஆன்லைன் ஆர்டருக்கு இந்தச் சலுகை இல்லை. போகும் முன் போன் போட்டு, "உங்களுக்கு யூஇஇசட் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். அந்த ஊரில் இருக்கும் எல்லாக் கடைக்கும் கிடையாது.

அப்புறம், காரை எடுத்துக்கொண்டு டெலவேருக்கே போய் வாங்கி வந்தால் என்ன என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அங்கே வரி போட மாட்டார்கள்தான். டேபிள் எடிசன் வந்து சேர்ந்ததும் அதே 79.50 யூஸ் டாக்ஸாக உங்கள் தலையில் ஏறும். 1,000 டாலரைத் தாண்டியதால் அந்த அட்டவணையிலும் அது அடங்காது. பென்சில்வேனியாவில் 6 சதவீதம் கட்டி வாங்கி வந்தால் மட்டும் அங்கே கட்டியதைக் கழித்துக்கொண்டு, மிச்சம் 0.625 சதவீதத்தை, அதாவது 7 டாலர் 50 சென்ட்டை, இங்கே கட்டினால் போதும். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.