பீஸ் லில்லிக்கு தினமும் தண்ணீர் ஊற்றியும் ஏன் வாடுகிறது? வாரத்துக்கு எத்தனை முறை ஊற்ற வேண்டும்?

சென்னையில் அபார்ட்மென்ட் ஹாலில் வைத்திருக்கிறீர்கள், தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர், அப்படியும் இலைகள் தொங்குகின்றன, அடி இலைகள் மஞ்சளாகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாக நாளைக் காலை அந்த டம்ளரை நிறுத்துங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் தண்ணீர் கூடிப்போனதால்தான் இந்த வாட்டம் என்று நினைக்கிறேன். சரிபார்ப்பது சுலபம். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே சேறாக இருந்து மேலே இலை வாடியிருந்தால் சந்தேகமே வேண்டாம். மண் காய்ந்து உதிரியாக இருந்து இலை வாடியிருந்தால் அது வெறும் தாகம், நன்றாக ஊற்றினால் சில மணி நேரத்தில் செடி எழுந்து நிற்கும். பீஸ் லில்லியின் நல்ல குணமே இதுதான், தாகத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வீட்டுச் செடி குறைவு.

ஈரத்தில் நிற்கும் செடி ஏன் வாடுகிறது என்பதுதான் பலருக்கும் புரியாத இடம். வேருக்கு ஆக்சிஜன் வேண்டும். அது மண்துகள்களுக்கு இடையே இருக்கிற சின்னச் சின்ன இடைவெளிகள் வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. அந்த இடைவெளிகளில் எந்நேரமும் தண்ணீர் நின்றால், காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் உள்ளே போகும். மூச்சு முட்டிய வேர் தண்ணீரை உறிஞ்சுவதை நிறுத்திவிடும், அப்புறம் பித்தியம் மாதிரியான அழுகல் நோய்க் கிருமிகள் வந்து மிச்ச வேரையும் தின்னும். வேர் இல்லாத செடியைச் சுற்றி எவ்வளவு தண்ணீர் இருந்தும் இலைக்கு ஏறாது. வாடியிருக்கிறதே என்று பரிதாபப்பட்டு நாம் இன்னும் ஊற்றுவோம். வீட்டுச் செடிகள் பெரும்பாலும் இப்படி அன்பாகக் கவனிக்கும் கைகளில்தான் சாகின்றன, எனக்கு அதில்தான் வருத்தம்.

'காட்டில் ஓடைக்கரையில் வளரும் செடிதானே' என்று கேட்கலாம். உண்மைதான். கொலம்பியா, வெனிசுவேலா பக்கத்து மழைக்காடுகளில் மர நிழலில், ஈரமான இடத்தில் வளர்வது இது. ஆனால் அங்கே வேர் இருப்பது மட்கிய இலைச்சருகில், பொலபொலவென்று காற்றோட்டமாக, தண்ணீர் வந்தபடியும் வடிந்தபடியும் இருக்கும். பிளாஸ்டிக் தொட்டியில் இறுகிய செம்மண் வேறு சங்கதி. கண்ணாடி ஜாடியில் தண்ணீரிலேயே சிலர் வளர்க்கிறார்களே என்றால், அந்த வேர்கள் தண்ணீரிலேயே புதிதாக விட்டவை, உள்ளே காற்றறைகளோடு அதற்கேற்றபடி வளர்ந்தவை. மண்ணில் வளர்ந்த வேரைத் திடீரென்று ஊறப்போட்டால் அதற்குத் தாங்காது.

சரி, எத்தனை நாளுக்கு ஒருமுறை? நாள் கணக்கு வைக்காதீர்கள். ஏசி ஓடும் அறை, ஜன்னல் வெளிச்சம், தொட்டியின் அளவு, தொட்டி சுடுமண்ணா பிளாஸ்டிக்கா என்று எல்லாவற்றையும் பொறுத்து மாறும். கத்திரி வெயிலில் இரண்டு மூன்று நாளில் காய்கிற தொட்டி, ஐப்பசி மழையில் ஒரு வாரத்துக்கு மேலும் ஈரமாகவே இருக்கும். மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்தபின் ஊற்றுங்கள், அவ்வளவுதான். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலந்த மண்ணில் மேலே வெளுத்துக் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரமாக இருக்கும், அதனால் கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். இன்னும் நல்ல வழி தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. தண்ணீர் ஊற்றியதும் ஒருமுறை தூக்குங்கள், காய்ந்தபின் ஒருமுறை தூக்குங்கள், கைக்கு அந்த வித்தியாசம் சீக்கிரமே பழகிவிடும். மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவான ஈரமானிகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், மண்ணில் உப்பு கூடினாலே அவை அதிக ஈரம் என்று காட்டும்.

ஊற்றும்போது டம்ளர் கணக்கில் துளித்துளியாக வேண்டாம், மண் முழுவதும் நனைந்து அடித்துளையில் வடியும்வரை நிதானமாகச் சுற்றிலும் ஊற்றுங்கள், அரை மணி நேரம் கழித்துத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் காயும்வரை தொடாதீர்கள். துளை இல்லாத அழகான பீங்கான் தொட்டியில் நேரடியாக நட்டிருந்தால் வேறு எதைச் சரியாகச் செய்தும் பயன் குறைவு. துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதைப் பீங்கானுக்குள் இறக்கி வையுங்கள். அடியில் கூழாங்கல் போட்டால் வடியும் என்று பலரும் சொல்வார்கள், அது நடக்காது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் பிடித்தால் கீழ்ப்பக்கம் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக்கொண்டே நிற்குமல்லவா, மண்ணும் அப்படித்தான், கல் போட்டால் அந்த ஈரப் பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறி வரும்.

எந்தத் தண்ணீர் என்பதும் நம் ஊரில் பெரிய விஷயம். போர் தண்ணீரில் உப்பு அதிகம், அது மண்ணில் சேர்ந்து சேர்ந்து இலை நுனியைக் கருக்கும். நிறைய பேர் வீணாகக் கூடாதென்று ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் உப்பெல்லாம் அதில்தான் திரண்டு வருகிறது, வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு கிடையாது, சுத்தமான வாளியில் பிடித்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் தாராளமாக ஊற்றலாம். போர் தண்ணீர்தான் வழி என்றால் மாதம் ஒருமுறை தொட்டியைக் குளியலறையில் வைத்து, கிடைக்கிற நல்ல தண்ணீரை மண் வழியாக நிறைய ஓடவிட்டு உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். இலைமேல் தண்ணீர் தெளிப்பது சில நிமிடத்துக்குத்தான் ஈரப்பதம் தரும், அதை நம்பி இருக்க வேண்டாம்.

இப்போது உங்கள் செடிக்கு வருவோம். மண் சேறாக இருந்தால் தொட்டியைக் கவிழ்த்துச் செடியை மெதுவாக வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் விறைப்பாக இருக்கும். அழுகியது பழுப்பாக, தொட்டால் தோல் உருவிக்கொண்டு வரும், நாற்றமும் அடிக்கும். சுத்தமான கத்தரியால் அதையெல்லாம் வெட்டிவிடுங்கள். இது நம் சேம்புக் குடும்பத்துச் செடி, சாறு பட்டால் கை அரிக்கலாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தையோ பூனையோ வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நர்சரியிலிருந்து வந்த செம்மண் உருண்டை வேரோடு இறுகிக் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து எடுங்கள். அதை அப்படியே வைத்துப் புது மண்ணில் நட்டால், சுற்றி மண் காய்ந்தாலும் நடுவில் அது மட்டும் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும்.

புதுக் கலவைக்கு, நன்றாக ஊறவைத்துக் கழுவிய கோகோபீட் இரண்டு பங்கு, பெர்லைட் (மண்ணில் காற்றோட்டம் தரும் லேசான வெள்ளைக் குருணை) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு போதும். கோகோபீட்டைக் கழுவாமல் போட்டால் அதிலிருக்கும் உப்பும் சேர்ந்துவிடும். மிச்சமிருக்கும் வேர்க்கட்டைவிடக் கொஞ்சமே பெரிய தொட்டி எடுங்கள், பெரிய தொட்டியில் உறிஞ்ச வேர் இல்லாத மண் ஈரமாகவே கிடக்கும். மஞ்சளான இலைகளை அடியோடு வெட்டிவிடுங்கள், அவை மறுபடி பச்சையாகாது. ஒருமுறை தண்ணீர் ஊற்றி, நேர் வெயில் படாத வெளிச்சமான ஜன்னல் பக்கம் வைத்துவிட்டு, மேல்மண் காயும்வரை காத்திருங்கள். உரம் இப்போதைக்கு வேண்டாம், நடுக்குருத்திலிருந்து புது இலை சுருண்டு வெளியே வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.