ஜிக்பீ சென்சார் ராத்திரியில் மட்டும் தொடர்பு இழப்பது ஏன்?

மாடிக் கதவு சென்சார் பகலெல்லாம் ஒழுங்காக இருந்து, படுக்கப்போன பிறகு காணாமல் போகிறது, பேட்டரி மாற்றியும் பயனில்லை என்கிறீர்கள். நீங்கள் தூங்கப்போகும்போது எந்த விளக்கை அணைக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

ஜிக்பீயில் (ஸ்மார்ட் கருவிகள் தங்களுக்குள் பேசும் கம்பியில்லா முறை) பேட்டரிக் கருவிகள் அடுத்தவருடைய தகவலைக் கடத்தாது. மின்சாரத்தில் ஓடும் பல்பு, பிளக் போன்றவைதான் கடத்தும். உங்கள் சென்சார் மாடிப்படி ஸ்மார்ட் பல்பு வழியாகப் பேசிக்கொண்டிருந்தால், சுவர் சுவிட்சைத் தட்டியதும் அதன் பாதை அறுந்துவிடும். வேறு பாதையை அதுவே தேடிக்கொள்ள வேண்டும். ஆனால் சில சென்சார்கள் பிடித்த பிடியை விடாது. (என் வீட்டில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது.)

அந்தப் பல்பை இனி செயலியில் மட்டும் அணையுங்கள். இல்லையென்றால் படிக்கட்டருகே ஒரு ஸ்மார்ட் பிளக்கைச் செருகி, சென்சாரைக் கழற்றாமல் இருக்கும் இடத்திலேயே மறுபடி இணையுங்கள். ஹப் (எல்லாக் கருவிகளையும் இணைக்கும் மையப் பெட்டி) பக்கத்தில் கொண்டுவந்து இணைத்தால் ஹப்பையே பிடித்துக்கொண்டு, மாடிக்குப் போனதும் திணறலாம். நியூட்ரல் கம்பி இல்லாத ஸ்மார்ட் சுவிட்சுகள் பெரும்பாலும் தகவல் கடத்தாது, அவற்றை நம்பாதீர்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் வைஃபையைச் சந்தேகப்படலாம். இரண்டுக்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான். வைஃபை 11ஆம் சேனலில் இருந்தால் ஜிக்பீயின் 21 முதல் 24 வரையான சேனல்களில் நெரிசல். ஜிக்பீ டாங்கிள் (கணினியில் செருகி ஹப்பாகப் பயன்படுத்தும் சிறு கருவி) யூஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகியிருந்தால் அதுவும் இடைஞ்சல் தரும், ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள்.